வெர்லீன் முத்திரை போட மறுத்த வண்டி

வெர்லீன் கெட்லர் யாரையும் லேசில் நம்பியதில்லை. அந்தக் குணத்துக்கு ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில் ஒரு மாவட்டம் முப்பத்தொரு வருஷம் அவளுக்குச் சம்பளமே கொடுத்தது. வண்டிகளின் உரிமைப் பத்திரத்தைப் பெயர் மாற்றித் தரும் கவுண்ட்டரில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஓடிய மைல் எழுதிய இடத்தில் யாராவது சுரண்டியிருந்தால் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே, விரலால் தடவியே சொல்லிவிடுவாள். செத்துப்போன அப்பாவின் கையெழுத்தை மகன் போட்டுக்கொண்டு வந்தால், "உங்க அப்பா இடது கைக்காரராச்சே?" என்பாள். சுற்றுவட்டாரத்துப் பழைய கார் வியாபாரிகள் அவள் விடுமுறையில் போகும் வாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த காலமும் உண்டு.

கணவன் லாயிடின் பொய்யைப் பிடித்ததும் ஒரு துண்டுக் காகிதத்தால்தான். கொலம்பஸுக்கு வேலையாகப் போனேன் என்றவன் சட்டைப்பையில், நேர் எதிர்த்திசையில் இருக்கும் ஃபோர்ட் வெய்னில் பெட்ரோல் போட்ட ரசீது. கத்தவில்லை, அழவில்லை. ரசீதை அவன் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பியபோது லாயிடும் இல்லை, அவன் மீன்பிடிப் படகும் இல்லை. அதன்பிறகு தனியாகவே இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு, கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை போடும் நோட்டரி உரிமத்தை மட்டும் புதுப்பித்து வைத்துக்கொண்டாள்.

உலகத்தில் அவள் சோதித்துப் பார்க்காத ஆள் ஒருவன்தான்: அண்ணன் ரூடி. அவளைவிட ஏழு வயது மூத்தவன். கோழிப்பண்ணைக் கொட்டகைகள் கட்டிக் கொடுத்துப் பணம் சேர்த்தவன். சேர்த்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் பெரிய தகரக் கொட்டகை போட்டு, தரைக்குச் சூடு ஏற்றி, பதினொரு பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தான். நடுவில் ராணி மாதிரி நின்றது அறுபத்தேழாம் வருஷத்துக் கார்வெட். கறுஞ்சிவப்பு. முன்மூடியில் மேடு தட்டிய பெரிய எஞ்சின் வண்டி. ஊர்க் கண்காட்சிகளில் அது வாங்கிய பரிசு ரிப்பன்கள் கொட்டகைச் சுவரில் தொங்கின.

போன செப்டம்பரில் ரூடி அவளைக் கூப்பிட்டான். "முட்டி ரெண்டும் போச்சு வெர்லி. கார்வெட்டுல ஏறினா இறங்க முடியல, இறங்கினா ஏற முடியல. வித்துடலாம்னு பாக்கறேன். வர்றவன் போறவனையெல்லாம் நீ பாத்துக்க. உன்னைத் தாண்டி எந்தக் களவாணியும் வர மாட்டான்."

அந்தப் பாராட்டில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் அயோவாவிலிருந்து ஒருவர் பேசினார். பெயர் ஆர்டன் விக்ஸ்ட்ரம். மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் என்று வெர்லீன் சொன்னதும், "சரி, நியாயமான விலைதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு டாலர் குறைத்துக் கேட்கவில்லை.

போனை வைத்ததும் வெர்லீனுக்குச் சந்தேகம் தட்டியது. பேரம் பேசாதவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை கொடுக்கப் போகிற காசோலை பொய்யாக இருக்க வேண்டும். அயோவாவில் அவர் சொன்ன ஊரின் மருந்துக்கடையைத் தேடிப்பிடித்துப் பேசினாள்.

"விக்ஸ்ட்ரம்னு மாட்டு டாக்டர் உங்க ஊர்ல உண்டா?"

"ஏன், என்ன ஆச்சு அவருக்கு?" என்றாள் எதிர்முனைப் பெண்.

"ஒண்ணும் ஆகல. ஆள் எப்படி?"

"எங்க வீட்டுப் பசுவுக்கு நாலு கன்னு இழுத்துப் போட்டவர். நீங்க யாரு?"

வெர்லீன் போனை வைத்துவிட்டாள். ஆள் இருப்பது நிஜம். ஆனால் போனில் பேசியவர் அந்த ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

கார் பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே விக்ஸ்ட்ரம் வந்துவிட்டார். பழைய பிக்கப், பின்னால் காலி டிரெய்லர். வீட்டுக்குள் வராமல், சோளக்காட்டு ஓரம் சாலையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெர்லீன் ரூடி வீட்டுச் சமையலறை ஜன்னல் திரையை விலக்கி வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

"கொட்டகையைத்தான் நோட்டம் விடறான். எத்தனை கதவு, எங்க பூட்டுன்னு" என்றாள்.

ரூடியின் மனைவி கேரல் அடுப்பிலிருந்து பூசணிக்காய் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வந்துட்டமேன்னு கூச்சப்பட்டு உக்காந்திருக்கார். நீ போய்க் கூப்பிடேன்."

"கூச்சப்படறவன் வாசல்ல வந்து கூச்சப்படட்டும்."

நேரத்துக்குச் சரியாக அவர் வந்து கதவைத் தட்டினார். நெட்டையான, கூனல் விழுந்த மனிதர். கை இரண்டும் மண்வெட்டி அகலம். கையில் சின்னத் தோல்பை. கேரல் கொடுத்த காபியை, "பாத்துட்டு வந்து குடிக்கறேங்க" என்று மறுத்தார். அதையும் வெர்லீன் குறித்துக்கொண்டாள்.

கொட்டகையில் அவர் செய்தது எதுவும் கார் வாங்க வந்தவர் செய்கிற மாதிரி இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் முதலில் ஸ்டியரிங்கைத் தொடுவார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவர் எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லவே இல்லை. தோல்பையிலிருந்து ஒரு டார்ச்சையும், பல் டாக்டர்கள் வைத்திருக்கும் காம்பு வைத்த கண்ணாடியையும் எடுத்தார்.

"கொஞ்ச நேரம் நான் தனியா பாக்கலாமா?" என்றார்.

"தனியா முடியாது. நான் இங்கதான் உக்காருவேன்" என்று வெர்லீன் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுக்கொண்டாள்.

"தாராளமா, மேடம்."

முன்மூடிக்குள் தலையை விட்டு ஓரிடத்தையே வெகுநேரம் பார்த்தார். கதவைத் திறந்து ஒரு தகட்டைப் படித்தார். பிறகு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் மட்டும். ஏதாவது கழற்றுகிறாரா என்று வெர்லீன் குனிந்து குனிந்து பார்த்தாள். போனில் படம் எடுக்கும் சத்தம் மட்டும் இரண்டு முறை கேட்டது.

எழுந்து கையைத் துடைத்தபோது அவர் முகம் மாறியிருந்தது. அந்த நேரம் ரூடி தடியை ஊன்றிக்கொண்டு வந்தான்.

"என்ன டாக்டர், நோயாளி எப்படி?"

விக்ஸ்ட்ரம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. ஆனா எனக்குச் சரிப்படாதுங்க. மன்னிச்சுக்கங்க."

"சரி. உங்க இஷ்டம். ட்ரெய்லரைப் பாத்துத் திருப்புங்க, புல்லுல ஏத்திடாதீங்க" என்றான் ரூடி.

காலி டிரெய்லர் தடதடவென்று சாலையேறிப் போயிற்று. கேரல் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ரூடி எதுவும் நடக்காதது போல் டி.வி. பார்க்கப் போய்விட்டான்.

வெர்லீன் காரில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினாள். பாதி வழியில் காலை பிரேக்கில் வைத்தாள். பத்து மணி நேரம் ஓட்டி வந்த மனிதர் வாங்காமல் திரும்பிப் போகிறார். விற்கிறவன் என்ன கேட்பான்? ஏன் வேண்டாம் என்றுதானே கேட்பான். ரூடி கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி, டிரெய்லர் போன சாலையில் விட்டாள்.

நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருக்கும் உணவுக்கடை வாசலில் அந்த டிரெய்லர் நின்றது. வெர்லீன் உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். தட்டை மீறி வழிந்த பன்றிக்கறி வறுவல் சாண்ட்விச்சை அவர் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் வேண்டாம்னீங்க?" என்றாள்.

"சாப்பிடறீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பழைய வார்ப்பிரும்பு, அதில் புடைத்த எழுத்து: ஆங்கில ஈ, பதினொன்று, ஏழு. "எஞ்சின் கட்டையை வார்க்கும்போதே வர்ற தேதி இது. ஈன்னா அஞ்சாவது எழுத்து, அஞ்சாவது மாசம். மே பதினொண்ணு, அறுபத்தேழு." அடுத்த படத்தைத் தள்ளினார். "இது கதவுக்குப் பக்கத்துல இருக்கற தகடு. வண்டியைக் கட்டினது மார்ச்சுல."

வெர்லீன் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் தேதிகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் அந்த எஞ்சின் பிறந்திருக்கவே இல்லை.

"ஆனா எஞ்சின்ல வண்டியோட நம்பர் அடிச்சிருக்கே. நானே பாத்திருக்கேன்."

"அடிச்சிருக்காங்க. பழைய நம்பரை மழிச்சிட்டு, புதுசா. கை சுத்தமான ஆள்தான். கீழ வார்ப்புல இருக்கற தேதியை மட்டும் விட்டுட்டான்."

"இதை அங்கயே சொல்றதுக்கென்ன?"

"உங்க அண்ணன் முகத்தைப் பாத்தேன். அவருக்குத் தெரியும்னு தோணுச்சு. அந்தம்மா பை சுட்டு வச்சிருக்காங்க. அவங்க வீட்டுல நின்னுக்கிட்டு எப்படிங்க சொல்றது?"

வெர்லீனுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. "என் அண்ணனைத் திருடன்றீங்களா?"

"நான் எஞ்சினைப் பத்திதான் சொன்னேன், மேடம்."

"புரியுது. இப்படி ஒரு பழியைப் போட்டுட்டு, நாளைக்குப் பாதி விலைக்குக் கேப்பீங்க. இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்."

"நான் கேக்கல. ஊருக்குப் போறேன்" என்றார் அவர். தன் பெயரும் எண்ணும் உள்ள சீட்டு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு மீதிச் சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

ரூடி செவ்வாய்க்கிழமை காலையில் சீட்டாடப் போவான். கேரலும் கூடப் போவாள். கொட்டகைச் சாவி வெர்லீனிடமும் ஒன்று உண்டு. அந்தச் செவ்வாய், அறுபத்தாறு வயதில், பழைய கம்பளத்தை விரித்து அவள் கார்வெட்டுக்கு அடியில் படுத்தாள். போன் படத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் கொண்டு வரலாம். இரும்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். வலப்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பக்கத்தில், விரலுக்கு முதலில் தட்டுப்பட்டது. டார்ச்சைத் திருப்பினாள். ஈ, பதினொன்று, ஏழு.

ஒருவேளை ரூடியையும் யாராவது ஏமாற்றியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு மூச்சு லேசாகியது. கொட்டகை மூலையில் இருந்த இரும்பு அலமாரியில் ஒவ்வொரு காருக்கும் ஒரு கோப்பு. கார்வெட் கோப்பை எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்து பிரித்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து விற்பனைச் சீட்டு அடியில் இருந்தது. கென்டக்கிக்காரன் ஒருவன் பென்சிலால் எழுதிக் கொடுத்தது, மூன்றே வரி. இரண்டாவது வரி: 'எஞ்சின் இல்லாமல், இருக்கிற நிலையில்.' அதோடு பின் குத்தியிருந்தது பத்திரம் மாற்றக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். அதன் ஓரத்தில் சரிபார்த்ததற்கு அடையாளமாக இரண்டு எழுத்து. அவளுடைய எழுத்து.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. ரூடி கவுண்ட்டருக்கு டோனட் பெட்டியோடு வந்தான். வரிசையில் நின்றவர்கள் காகிதத்தையெல்லாம் அவள் வரி வரியாகப் படித்தாள். ரூடியின் காகிதத்தைப் படிக்கவில்லை. சிரித்துக்கொண்டே முத்திரை போட்டாள்.

அவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கேரல் வீட்டுக்குள் போனாள். கொட்டகை விளக்கு எரிவதைப் பார்த்து ரூடி வந்தான். தரையில் தங்கை, மடியில் கோப்பு. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வந்துட்டாங்கடா இன்ஸ்பெக்டர்" என்றான். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

"எஞ்சின் எங்கேர்ந்து வந்துது ரூடி?"

"டேட்டன்ல ஒருத்தன்கிட்ட வாங்கினேன். அதே மாடல், அதே வருஷம். என்ன இப்ப?"

"நம்பர்?"

"வண்டியைச் சரிபண்ணிக் குடுத்தவன் அடிச்சான். அவன் செத்து எட்டு வருஷமாச்சு."

"அவனா அடிச்சானா, நீ அடிக்கச் சொன்னியா?"

ரூடி தடியால் தரையைத் தட்டினான். "எல்லாரும் செய்யறதுதான் வெர்லி. வண்டியோட வந்த எஞ்சின்னு எழுதி வச்சா ரிப்பன் குடுக்கறான், இல்லாட்டித் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான். நான் யார் வீட்டுலயும் பூந்து எடுக்கலையே. ஓட்டறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போவுது?"

"ஐம்பதாயிரம் டாலர் வித்தியாசம்."

"உனக்கு ஏன் இவ்ளோ கோவம்? உன் காசா போவுது?"

"முப்பது வருஷமா உன் காகிதத்தை மட்டும் நான் படிக்கல" என்றாள் வெர்லீன். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "எஞ்சின் வேறன்னு விற்பனைச் சீட்டுல எழுது. இல்லாட்டி என் முத்திரை கிடையாது."

"ஊர்ல நீ ஒருத்திதான் நோட்டரியா? பாங்க்ல நாலு பேர் இருக்காங்க."

"போ. நாலு பேர்கிட்டயும் போ."

ஐந்து வாரம் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ரூடி இடப்பக்கம் உட்கார்ந்தால் அவள் வலப்பக்கம் உட்கார்ந்தாள். கேரல் மட்டும் ஒரு நாள் போன் செய்து, "ஒரு இரும்புத் துண்டுக்காக உடன்பிறப்பை விடுவியா?" என்றாள். வெர்லீன் பதிலுக்கு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். கேரல் போனை வைத்துவிட்டாள். அப்படியானால் கேரலுக்கும் தெரியும். அல்லது இப்போதுதான் தெரிந்து வாயடைத்துப் போனாள். எது என்று வெர்லீனால் முடிவு செய்ய முடியவில்லை. அந்த வாரங்களில் மளிகைக்கடை பில்லில் இருந்து பாதிரியார் பிரசங்கம் வரை எதை எடுத்துக்கொண்டாலும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. இத்தனை நாள் தான் பிடித்த கள்ளர்களெல்லாம் ஒருவேளை தனக்குப் பிடிக்காத ஆட்கள் மட்டும்தானோ என்றுகூடத் தோன்றியது.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம், அவள் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருக்கும்போது ரூடியின் பிக்கப் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. ஜன்னலை இறக்கினான்.

"ஃப்ளோரிடாவிலேர்ந்து ஒரு வியாபாரி வந்தான்" என்றான்.

வெர்லீன் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"வந்ததும் மூடியைத் தூக்கினான். நம்பரைப் பாத்தான். விசில் அடிச்சான். 'நல்ல கைவேலை சார், கவலையே படாதீங்க, குனிஞ்சு பாக்காத ஆளாப் பாத்து நான் தள்ளிடறேன்'னான்." ரூடி நிறுத்தினான். "எனக்குக் கண்ணடிச்சாண்டி வெர்லி. ரெண்டு பேரும் ஒரே கூட்டம்ங்கற மாதிரி."

"நீ என்ன சொன்னே?"

"வெளிய போடான்னேன். சிரிச்சுக்கிட்டே போனான்." அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த மாட்டு டாக்டர் நம்பர் இருக்கா உங்கிட்ட?"

அவள் உள்ளே போய், உணவுக்கடையில் அவர் வைத்துவிட்டுப் போன சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கையோடு, "அந்த ஃப்ளோரிடாக்காரன் பேர் என்ன?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ரூடி போன பிறகு அந்த ஆளுக்குப் போன் போட்டாள். "ஒஹாயோ கிழவரா? நல்லாத்தான் பேசிட்டிருந்தார், திடீர்னு தடியை ஓங்கிட்டாருங்க" என்றான் அவன். அப்போதுதான் அவள் விளக்குமாற்றை மறுபடி கையில் எடுத்தாள்.

ரூடி எஞ்சின் விஷயத்தைச் சொல்லித் தொண்ணூறாயிரம் கேட்டான், விக்ஸ்ட்ரம் ஒத்துக்கொண்டார். இந்த முறையும் பேரம் இல்லை. கடைசியில் இந்த விலைக்குக் கொண்டுவரத்தான் இத்தனையும் நடந்ததோ என்று வெர்லீன் இரண்டு நாள் யோசித்தாள். மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டாள். வேறு எஞ்சின் போட்ட அந்த வண்டிக்கு அவர் கொடுப்பதைவிட அதிகமாக யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல் அவரைச் சந்தேகப்பட அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

கேரலின் சமையலறை மேஜையில் காகிதங்கள் பரப்பப்பட்டன. ரூடி தன் கையாலேயே எழுதினான்: 'இந்த எஞ்சின் வண்டியோடு வந்ததல்ல. எண் பின்னால் அடிக்கப்பட்டது. நான் சொல்லித்தான் அடிக்கப்பட்டது.' கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. வெர்லீன் மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தாள். அண்ணனிடம் ஓட்டுநர் உரிமம் கேட்டாள்.

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"அடையாளம் பாக்காம முத்திரை போட மாட்டேன்."

அவன் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினான். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவள் முத்திரையை அழுத்தினாள். விக்ஸ்ட்ரம் இந்த முறை காபி குடித்தார், பை இரண்டு துண்டு சாப்பிட்டார். கார்வெட் டிரெய்லரில் ஏறியபோது ரூடி கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி மறைந்ததும், "நல்ல மனுஷன். எனக்கு அவனைப் பிடிக்கல" என்றான்.

பனிக்காலம் வந்தது. மிச்சமிருந்த பத்து வண்டியையும் தான் பார்க்க வேண்டும் என்றாள் வெர்லீன். ரூடி முணுமுணுத்தான், திட்டினான், பிறகு ஒத்துக்கொண்டான். வாரத்துக்கு ஒன்றாக அவள் கோப்பைப் படித்தாள், கம்பளத்தை விரித்துக் கீழே படுத்தாள். அவன் முக்காலியில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தான். "எனக்கே இவ்ளோ தெரியாது" என்று ஒருநாள் ஒத்துக்கொண்டான். ஒன்பது வண்டி சுத்தமாக இருந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் அவள் நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

பத்தாவது, வரிசைக் கடைசியில் நின்ற நீல முஸ்டாங். வெர்லீன் கம்பளத்தை உதறி விரித்து, மண்டி போட்டாள். ரூடி விளக்கைக் கொடுக்கவில்லை.

"இரு" என்றான். "படுக்காத. இதை நானே சொல்லிடறேன்."